தாத்தா போட்டோவ ஏஐ-ல போட்டேன், ஆச்சி "யாருட்டி இது"ன்னு கேக்குறாங்க

கேள்வி:

அண்ணா, நான் பி.எஸ்சி மேத்ஸ் ரெண்டாவது வருஷம், ஊர் கோவில்பட்டி பக்கம். லாக்டவுன்ல எட்டாவது படிக்கும்போது போன்ல எடிட்டிங் ஆரம்பிச்சேன், ஸ்னாப்சீட், ஐபிஸ் பெயிண்ட் ரெண்டும் நல்லா தெரியும், கொஞ்சம் வரைவேன். தாத்தா போய் ஒரு வருஷம் ஆகப்போகுது. மாட்டுறதுக்கு பெரிய போட்டோ வேணும்னு ஒரு பழைய கல்யாண க்ரூப் போட்டோல இருந்து அவர் முகத்த மட்டும் எடுத்து ஏஐ ஆப்ல போட்டு க்ளியர் பண்ணேன். எல்லாரும் சூப்பர்னாங்க, ஆச்சி மட்டும் ரொம்ப நேரம் பாத்துட்டு "யாருட்டி இது"ன்னு கேட்டாங்க. எங்க தப்பு பண்ணேன்? ரெண்டு போட்டோவும் அனுப்பிருக்கேன், பழசு ஃப்ரேம் போட்டது, ஏறக்குறைய பத்து இன்ச் அகலம், கூடவே நான் ஸ்னாப்சீட்ல பண்ண படம் ரெண்டு. வீட்ல இருக்கிற லேப்டாப் 4 ஜிபி ராம், போட்டோஷாப்புக்குன்னு புதுசு வாங்கணுமா? வரையறதுல போறதா எடிட்டிங்ல போறதா? ஏஐ வந்தப்புறம் இதெல்லாம் கத்துக்கிறது வேஸ்ட்னு க்ளாஸ்ல சொல்றாங்க, நெஜமாவாண்ணா?

பதில்:

தங்கச்சி, மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், ஆச்சி சொன்னதுதான் சரி. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அர மணி நேரம் பாத்தேன். நான் இருபத்தாறு வருஷமா மதுரைல இதே வேலதான் பாக்குறேன், ஆல்பம், ரீடச்சிங், பழைய படம் சரி பண்றது எல்லாம், அப்டி பாத்தும் எனக்கே மூணாவது தடவதான் புரிஞ்சுது. தாத்தாவோட காத பாருங்க. பழைய போட்டோல காது மடல் நீளமா தொங்கி, சின்ன வயசுல கடுக்கன் போட்ட ஓட்ட ஒரு கரும்புள்ளி மாதிரி தெரியுது. உங்க ஆப் அந்த ஓட்டைய அழுக்குன்னு நெனச்சு மூடிடுச்சு, மடலையும் அழகா ஏத்தி வச்சிருச்சு. எடது கண்ணு கொஞ்சம் சின்னது அவருக்கு, அதையும் வலது கண்ணு சைசுக்கு கொண்டுவந்துருச்சு. மூடுன வாய்க்குள்ள லேசா பல்லு தெரியுற மாதிரி வேற. கலரும் ரெண்டு ஷேடு வெளுத்துருச்சு. அம்பது வருஷம் கூட இருந்த மனுஷி "யாரு"ன்னு கேக்காம என்ன பண்ணுவாங்க?

இது ஏன் நடந்துச்சுன்னு கணக்காவே சொல்றேன், நீங்க மேத்ஸ் புள்ளதானே. க்ரூப் போட்டோ ஏறக்குறைய பத்து இன்ச் அகலம்னு எழுதிருக்கீங்க, அதுல தாத்தா மொகம் ஒரு சென்டிமீட்டர் ஒசரம் இருக்கும். நீங்க அனுப்புன ஃபைல் 1600 பிக்சல் அகலம்தான், அதாவது போன்ல எடுத்துட்டு வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பி அத டவுன்லோட் பண்ணிருக்கீங்க, அது சுருக்கிடும். அப்ப ஒரு இன்ச்சுக்கு 160 பிக்சல், ஒரு சென்டிமீட்டருக்கு 63. தாத்தா மொகத்துக்கு மேல இருந்து கீழ வர கெடச்சது வெறும் 63 புள்ளி. அத 1000 புள்ளியா ஆக்கித் தான்னா ஆப் எங்க போகும், தனக்குத் தெரிஞ்ச லட்சக்கணக்கான மொகத்துல இருந்து ஒரு பொதுவான வயசான ஆள எடுத்து ஒட்டிடும். க்ளியர் ஆச்சுன்னு நெனச்சோம், உண்மைல வேற ஆள் வந்து உக்காந்துட்டாரு. ஆப்ப திட்டி பிரயோஜனம் இல்ல, நாம குடுத்தது கம்மி.

அதனால மறுபடி மொதல்ல இருந்து. ஃப்ரேம்ல இருந்து போட்டோவ எடுக்க முடியுதான்னு பாருங்க, ஆனா கண்ணாடியோட ஒட்டிருந்தா தயவு செஞ்சு இழுக்காதீங்க, பழைய பிரிண்ட்ல படம் இருக்கிற மேல் பூச்சு கண்ணாடியோடயே உரிஞ்சு வந்துரும், அப்றம் கடவுள் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. ஒட்டிருந்தா கண்ணாடியோடயே ஸ்கேன் பண்ணிக்கலாம். கோவில்பட்டில நல்ல ஸ்கேனர் இருக்கிற கடைல குடுத்து 600 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 600 புள்ளி), படத்த சுருக்குற ஜேபெக் வேணாம், டிஃப் இல்லன்னா பிஎன்ஜி ஃபைலா குடுங்கன்னு கேளுங்க, பென்டிரைவ்ல வாங்கிக்கோங்க. இப்ப அதே மொகத்துக்கு 236 பிக்சல் கெடைக்கும். 63 எங்க 236 எங்க. ஸ்கேனர் கெடைக்கலன்னா போன்லயே, ஃப்ளாஷ் இல்லாம, வாசல் திண்ணைல நெழலா இருக்கிற எடத்துல படுக்க வச்சு, மேல இருந்து நேரா, மொகம் இருக்கிற பக்கம் மட்டும் தனியா நாலஞ்சு ஷாட் எடுங்க. அத வேற எடத்துக்கு மாத்தும்போது கேபிள்ல மாத்துங்க, இல்லன்னா வாட்ஸ்அப்ல டாக்குமென்ட்டா அனுப்புங்க.

அப்றம் வீட்ல இருக்கிற மத்த போட்டோவெல்லாம் தேடுங்க. ரேஷன் கார்டு, வோட்டர் ஐடி, பேங்க் பாஸ்புக், யார் கல்யாண ஆல்பத்துலயாவது பந்தில உக்காந்திருப்பாரு. அதுல இருந்து வெட்டி ஒட்டுறதுக்கு இல்ல. இந்தப் போட்டோல மூக்கு கிட்ட தெரியுற கோடு சுருக்கமா கீறலான்னு சந்தேகம் வரும்போது அதப் பாத்து முடிவு பண்ணலாம். இந்த ஒரு வேலைய பெரும்பாலான பேர் செய்றதே இல்ல, எனக்கு வர்ற ஆர்டர்ல பத்துக்கு ஒம்பது பேர் ஒரே ஒரு போட்டோவ குடுத்துட்டு "நல்லா பண்ணிக் குடுங்க"ன்னு போயிடுவாங்க, நான்தான் போன் பண்ணி வேற இருக்கா வேற இருக்கான்னு நச்சரிப்பேன்.

இப்ப எடிட்டிங், ப்ரௌசர்ல ஓடுற போட்டோபீ-லயே பண்ணலாம். ஒரிஜினல் லேயர (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற படத் தாள் மாதிரி) தொடாதீங்க, காப்பி எடுத்து அதுல பண்ணுங்க. மொதல்ல கலர். உங்க போட்டோ மொத்தமும் செவந்து கெடக்குது இல்ல, பழைய கலர் பிரிண்ட்ல பெரும்பாலும் சியான் (நீலப்பச்சை) சாயம்தான் சீக்கிரம் மங்கும், அது போனா செவப்பு மட்டும் தூக்கலா நிக்கும். அதுக்கு சாச்சுரேஷன (கலர் அழுத்தத்த) ஏத்தி எறக்கி விளையாடாதீங்க, லெவல்ஸ் (வெளுப்பு கருப்ப சரி பண்ற டூல்) தொறந்து ரெட் சேனல், அதாவது செவப்பு பங்க மட்டும் எடுங்க, ஹிஸ்டோக்ராம்ல (எந்த வெளிச்சத்துல எத்தன புள்ளி இருக்குன்னு காட்டுற வரைபடம்) மலை மாதிரி ஒரு மேடு தெரியும், அது இடது ஓரத்துல இருந்து தள்ளி ஆரம்பிக்கும், இடது பக்க ஸ்லைடர மலை ஆரம்பிக்கிற எடத்துக்கு நகத்துங்க. அவ்ளோதான். தாத்தா சட்ட வெள்ளைக்கு வர்றத கண்ணு முன்னாடி பாக்கலாம், எனக்கு இத்தன வருஷம் கழிச்சும் அந்த நிமிஷம் ஒரு சந்தோஷம்.

அப்றம் பூஞ்சப் புள்ளி, கீறல் எல்லாத்துக்கும் ஹீலிங் பிரஷ் (பக்கத்து எடத்த வச்சு கறைய மூடுற டூல்), புள்ளிய விட ஒரு நூல் பெரிய சைஸ் வச்சு ஒவ்வொண்ணா. சட்டைலயும் பின்னாடி பந்தல் துணிலயும் தாராளமா பண்ணலாம். மொகத்துல வந்தா கை நிக்கணும். கண்ணு, வாய் ஓரம், காது, இந்த மூணு எடத்துலயும் இது கறைதான்னு நூறு சதவீதம் தெரிஞ்சா மட்டும் அழிங்க, சந்தேகம்னா விட்ருங்க. கொஞ்சம் கறையோட இருக்கிற தாத்தா பரவால்ல. கடைசில ரொம்ப லேசா நாய்ஸ் (மணல் மாதிரி பொடிப் புள்ளி) சேத்து விடுங்க, நீங்க ஒட்டுப் போட்ட எடமும் பழைய எடமும் ஒரே மாதிரி சேந்துக்கும், இது எங்க ஆளுங்க எல்லாரும் பண்றதுதான், வெளிய சொல்ல மாட்டாங்க. இப்பத்த ஏஐ-ய வேணா பின்னாடி பந்தல் துணி கிழிஞ்ச எடத்துல பயன்படுத்திக்கோங்க, கழுத்துக்கு மேல விடாதீங்க.

ஒரு கத சொல்றேன், ஆச்சிங்க கண்ணு எப்டின்னு எனக்கு அனுபவத்துல தெரியும். நான் வேலைக்கு சேந்த புதுசு, ஒரு கல்யாண ஆல்பம், பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரே பக்கம் பாக்குறாங்க, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தா நல்லாருக்குமேன்னு பொண்ணு போட்டோவ அப்டியே ஃபிளிப் பண்ணி வச்சுட்டேன். ஸ்டூடியோல யாருக்கும் தெரியல, பிரிண்ட் போயி, பைண்டிங் போயி, வீட்டுக்கும் போயிருச்சு. பொண்ணோட ஆச்சி முதல் பக்கத்த பொரட்டுன ஒடனே கேட்டுச்சாம், "ஏன் புள்ளைக்கு முந்தானை வலது தோள்ல கெடக்கு, மூக்குத்திய யாரு மாத்திக் குத்துனா"ன்னு. ஃபிளிப் பண்ணா எல்லாம்தானே மாறும். முழு ஆல்பமும் மறுபடி அடிச்சோம், பாதிக் காசு என் சம்பளத்துல. அன்னைல இருந்து ஒரு படத்த திருப்பிப் போடுறதுக்கு முன்னாடி முந்தானை, சட்ட பட்டன், வாட்ச், மூக்குத்தி நாலும் பாக்காம கை போகாது.

லேப்டாப் விஷயத்துக்கு வரேன், புதுசு வாங்க வேணாம். இந்த வருஷம் வேணவே வேணாம். 4 ஜிபி-ல போட்டோபீ ப்ரௌசர்லயே ஓடும், காசு கெடையாது, போட்டோஷாப்போட பிஎஸ்டி ஃபைலே தொறக்கும், மெனு எல்லாம் ஏறக்குறைய போட்டோஷாப் மாதிரியேதான், நாளைக்கு வேலைக்கு போனா பழகுன கை அப்டியே உதவும். மத்த டேப் எல்லாத்தையும் மூடிட்டு பண்ணுங்க. வரையறதுக்கு கிரிட்டா, அதுவும் ஃப்ரீ, கேன்வாஸ் 2000 பிக்சலுக்குள்ள வச்சா திணறாது. இன்னொண்ணு ஜிம்ப், அதுவும் ஃப்ரீயான எடிட்டிங் சாஃப்ட்வேர்தான். அத 1995-ல ஆரம்பிச்சதே பெர்க்லி யுனிவர்சிட்டில படிச்ச ரெண்டு பசங்கதான், ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ்னு, காலேஜ் ப்ராஜெக்ட்டா. போட்டோஷாப்பும் அந்த மாதிரிதான், 1987-ல தாமஸ் நோல் பி.எச்டி பண்ணிட்டு இருக்கும்போது அவர் தம்பி ஜானோட சேந்து வீட்ல எழுதுனது, 1990-லதான் கடைக்கு வந்துச்சு, லேயர்ங்கிற சமாச்சாரமே 1994-லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி நாலு வருஷம் லேயரே இல்லாம அவனவன் வேல பாத்திருக்கான், நாம 4 ஜிபி-ன்னு அழுகுறோம். கிராக் போட்டோஷாப் மட்டும் போடாதீங்க, வைரஸ் வந்து காலேஜ் ப்ராஜெக்ட்டோட எல்லாம் போயி எங்கிட்ட வந்து நின்ன பசங்க நெறய. காசு சேந்தா மொதல்ல ஒரு சின்ன பென் டேப்லெட் (லேப்டாப்ல மாட்டி பேனால வரையற பலகை) வாங்குங்க, ஐயாயிரத்துக்குள்ள வந்துரும், மவுஸ்ல மொகத்த தொடுறதுக்கும் பேனால தொடுறதுக்கும் இருக்கிற வித்தியாசம் ஒரே நாள்ல தெரியும்.

வரையறதா எடிட்டிங்கான்னு கேட்டீங்களே, அது ரெண்டுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

நான் கத்துக்கிட்ட ஸ்டூடியோல கம்ப்யூட்டர் ஒரு மூலைல இருந்துச்சு, இன்னொரு மூலைல மொதலாளி நெகட்டிவ வெளிச்சப் பெட்டி மேல வச்சு பென்சில்ல டச்சிங் பண்ணுவாரு. பென்சில் முனைய உப்புத்தாள்ல தேச்சு தேச்சு ஊசியாக்கி வச்சிருப்பாரு. சுருக்கம் பிரிண்ட்ல கருப்பா வரும், நெகட்டிவ்ல அதே எடம் வெளுத்து இருக்கும், அந்த வெளுத்த கோட்டுல பென்சில லேசா லேசா வச்சு அடைச்சா பிரிண்ட்ல சுருக்கம் மென்மையாயிடும். முழுசா அடைக்க மாட்டாரு. "சுருக்கத்த எடுத்தா வயச எடுத்த மாதிரி, வயச எடுத்தா ஆள எடுத்த மாதிரி"ன்னு திட்டுவாரு. போட்டோஷாப்ல டாட்ஜ், பர்ன்னு ரெண்டு டூல் இருக்கே, ஐகான் பாத்திருக்கீங்களா, ஒண்ணு குச்சி மேல வட்டம் வச்ச மாதிரி, இன்னொண்ணு மடக்குன கை. ரெண்டும் டார்க் ரூம்ல (பிரிண்ட் போடுற இருட்டு ரூம்) இருந்து வந்தது, என்லார்ஜர் (நெகட்டிவ பெருசாக்கி பேப்பர்ல விழ வைக்கிற மெஷின்) வெளிச்சத்த கம்பில ஒட்டுன அட்டையால மறைச்சா அந்த எடம் வெளுப்பா வரும், கைய குவிச்சு ஓட்ட வழியா வெளிச்சம் விட்டா அந்த எடம் கருக்கும். அவரு நல்லா படம் வரைவாரு, அதனாலதான் எங்க அடைக்கணும் எங்க விடணும்னு தெரிஞ்சுது. வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து விழுது, மூக்கு நெழல் எங்க முடியுதுன்னு கையால வரைஞ்சு பழகாத ஆளு எத்தன டூல் வச்சிருந்தாலும் மொகத்த மாவு பிசைஞ்ச மாதிரிதான் ஆக்குவான்.

அதனால ஒரு பயிற்சி. சமையல்கட்டுல இருக்கிற பித்தளச் செம்ப ஜன்னல் பக்கத்துல வையுங்க, கிரிட்டால ஒரே ஒரு பிரஷ், கருப்புல இருந்து வெள்ளைக்கு அஞ்சே அஞ்சு சாம்பல் கலர், வேற எதும் எடுக்காம வரைங்க. வழவழன்னு கலக்குற பிரஷ் கூடாது. மொத பத்து செம்பு பானை மாதிரிதான் வரும், பரவால்ல. செம்போட வயித்துக்கு அடில, நெழல் பக்கம், தரைல இருந்து திரும்பி அடிக்கிற ஒரு மங்கல் வெளிச்சம் இருக்கும், அது எப்ப உங்க கண்ணுக்கு தானா தெரிய ஆரம்பிக்குதோ அன்னைக்கு தாத்தா தாடைக்கு கீழயும் அதே வெளிச்சம் இருக்கிறது தெரியும். அந்த ஆப் அதையும் அழிச்சிருக்கு, போய் பாருங்க.

வருமானத்துக்குன்னு பாத்தா இப்போதைக்கு எடிட்டிங்தான், மறைக்க என்ன இருக்கு. பாஸ்போர்ட் சைஸ் ஷீட் போட கத்துக்கோங்க, 35-க்கு 45 மில்லிமீட்டர், 300 டிபிஐ-ல 413-க்கு 531 பிக்சல், 4-க்கு 6 பேப்பர்ல படுக்க வாக்குல எட்டு வரும், நிக்க வச்சா ஆறுதான் வரும். இத நீங்களே கணக்கு போட்டு பாருங்க. கல்யாணப் பத்திரிகை டிசைன், பர்த்டே பேனர் இதெல்லாம் சின்னதா வாங்கிப் பண்ணலாம், ஆனா போன் ஸ்க்ரீன்ல மின்னுற பச்சையும் நீலமும் பிரிண்ட்ல அப்டி வராது, மொத ஆர்டர்லயே கஸ்டமருக்கு அத சொல்லிடுங்க.

கஸ்டமர்னு சொன்ன ஒடனே இன்னொண்ணு. "கொஞ்சம் கலராக்கிக் குடுங்க"ன்னு கேப்பாங்க, அதாவது தோல வெளுத்துக் குடுங்கன்னு. எல்லாரும் கேப்பாங்க, நானும் பல வருஷம் கேள்வி கேக்காம பண்ணிக் குடுத்தேன், இப்ப வெக்கமா இருக்கு. இதுல ஃபிலிம் காலத்து பாவமும் இருக்கு. கோடாக் கம்பெனி லேபுக்கெல்லாம் கலர் சரியா வருதான்னு பாக்க ஒரு டெஸ்ட் கார்டு அனுப்பும், அதுல ஒரு வெள்ளக்காரப் பொண்ணு படம், ஷெர்லி கார்டுன்னு பேரு, ரொம்ப காலம் அந்தத் தோல் சரியா வந்தா படம் சரின்னு அர்த்தம். நம்ம ஆளுங்க மொகம் அதுல கருப்பா மொத்தையா விழுந்துச்சு, நெழல்ல மூக்கு முழி தெரியாது. நம்மளும் போட்டோல கருப்பு நல்லா வராதுன்னு நம்பிட்டோம். தோல வெளுக்காம மொகத்துல வெளிச்சத்த மட்டும் ஏத்தலாம், கர்வ்ஸ்ல (வெளிச்சத்த ஒரு வளைகோட்டால ஏத்தி எறக்குற டூல்) நடுப்பகுதிய கொஞ்சம் தூக்குனா நெத்தி, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு எல்லாம் எழுந்து வரும், கலர் அவங்க கலராவே இருக்கும். நான் இப்ப அப்டிதான் குடுக்குறேன், பாத்துட்டு யாரும் திருப்பிக் குடுத்ததில்ல.

உங்க ஸ்னாப்சீட் படங்களும் ரெண்டு பாத்தேன். எச்டிஆர் ஸ்கேப்ப (வெளிச்சம் நெழல தூக்கிக் காட்டுற ஃபில்டர்) ஃபுல்லா ஏத்தி வச்சிருக்கீங்க, மேகம் எல்லாம் தார் ஊத்துன மாதிரி இருக்கு. எல்லாரும் அந்த வழியாதான் வந்தோம், அம்மை மாதிரி ஒரு தடவ வந்து போயிடும். ஒரு படத்த முடிச்சுட்டு ராத்திரி போஸ்ட் பண்ணாதீங்க, காலைல பாத்து எவ்ளோ ஏத்துனீங்களோ அதுல பாதிய கொறைங்க.

ஏஐ வந்தா வேஸ்ட்டான்னு கேட்டா, எங்க தொழில்ல பேக்ரௌண்ட் வெட்டுற வேல போயிருச்சு, உண்ம. ஒரு மணி நேரம் பென் டூல்ல முடிய சுத்தி வெட்டுவோம், இப்ப அஞ்சு செகண்டு. 2023-ல போட்டோஷாப்லயே ஜெனரேட்டிவ் ஃபில் (ஏஐ-யே படத்த நெரப்புற டூல்) வந்துச்சு, நானும் பயன்படுத்துறேன், மண்டபத்துல ஃபோட்டோக்ராஃபர் காலத் தூக்கிட்டு நிப்பான் பாருங்க அவன எடுக்கிறதுக்கு. ஆனா இப்ப எங்கிட்ட புதுசா வர்ற கஸ்டமர்ல பாதிப் பேரு, உங்கள மாதிரி ஆப்ல போட்டு வேற ஆளா வந்து, வீட்ல பெரியவங்க ஒத்துக்காம வந்தவங்கதான். உங்க க்ளாஸ்ல சொல்றவங்க ஆச்சிகிட்ட காட்டிப் பாக்கல.

எடிட் பண்றதே பொய்தானேன்னு நாளைக்கு யாராவது கெளப்புவாங்க, அதுக்கும் தயாரா இருங்க. 1857-லயே ரெய்லாண்டர்னு ஒரு போட்டோக்ராஃபர் முப்பதுக்கு மேல நெகட்டிவ சேத்து ஒரே படமா ஒட்டிருக்காரு, யாரும் நெஜம்னு ஏமாறல, அது கலைன்னு தெரியும். நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகை 1982 பிப்ரவரி அட்டைல எகிப்து கீசா பிரமிடுகள்ல ரெண்ட செங்குத்து அட்டைக்குள்ள அடக்கறதுக்காக கிட்ட நகத்தி வச்சாங்க, பெரிய பிரச்சனையாச்சு, ஏன்னா அத பாக்குறவன் நெஜம்னு நம்பி பாக்குறான். உங்க தாத்தா படம் ரெண்டாவது ரகம். மாட்டுறதுக்கு பெருசா வேணும்னா அவரப் பாத்து கிரிட்டால வரைஞ்சு மாட்டுங்களேன், வரைஞ்சதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதுல பல்லு நீங்க போட்டாலும் அது உங்க பல்லு. அதுக்கு ஆறு மாசமாவது செம்பு வரையணும், தாத்தாவோட ரெண்டாம் வருஷ நெனவு நாளுக்கு வச்சுக்கோங்க.

இந்த வருஷத்துக்கு போட்டோவே. 236 பிக்சல் மொகத்த ஆளுயரத்துக்கு இழுத்தா கலங்கிடும், அதனால மொகம் ரெண்டு இன்ச் வர்ற மாதிரி 6-க்கு 8 பிரிண்ட், மேட் பேப்பர்ல போடுங்க, பளபளா பேப்பர் வேணாம், விளக்கு வெளிச்சம் அடிச்சு மொகமே தெரியாது. ஃப்ரேம் பெருசா வாங்கி சுத்தி அகலமா வெள்ள மவுண்ட் அட்டை வச்சா செவுத்துல கம்பீரமாவே இருக்கும். ஆச்சிகிட்ட போன்ல காட்டாதீங்க, பிரிண்ட்ட கைல குடுங்க. குடுக்கறதுக்கு முன்னாடி ஃபைல எனக்கு ஒரு தடவ அனுப்புங்க, டாக்குமென்ட்டா, கடுக்கன் ஓட்ட இருக்கான்னு பாத்து சொல்றேன்.